ஓயாத பயம்: பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனவடுவைக் குறித்து ஒரு பாடம்

கர்த்தருக்குள் அன்பான பங்காளர்களுக்கு,

உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கப்பட்டுவரும் இந்த மருத்துவமனையில், எக்ஸ்ரே படத்தில் தெரியாததும் இரத்தப் பரிசோதனையில் அகப்படாததுமான ஒரு காயத்தை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். அந்தக் காயத்தைக் குறித்தே இந்த இதழின் பாடம். இது நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம். கற்றுக்கொள்வதற்கு முன் நாங்கள் செய்த தவறு ஒன்றையும் இதில் மறைக்காமல் எழுதுகிறோம்.

1. ஒரே தேதி, இரண்டு இரவுகள்

2023 டிசம்பர் மாதத்தை எங்கள் பகுதி எளிதில் மறக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அந்தக் கறை போகுமுன், டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய இடங்களில் ஜனங்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாய் விழித்தெழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். அதற்குச் சரியாக 19 ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26 அன்றுதான் சுனாமி வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம்மில் பலர் காலை ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். தமிழகத்தில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினத்தில் நேர்ந்த பேரழிவின் முன்னால் வடசென்னையின் இழப்பு சிறிதாகப் பேசப்பட்டது. ஆனால் காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள குப்பங்களில் ஆளை இழந்த வீட்டுக்கு அது சிறியதாய் இருக்கவில்லை.

வாயுக் கசிவுக்கு ஒரு வாரம் கழித்து, அறுபது வயதை நெருங்கும் ஒருவரை அவர் மனைவி எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துவந்தார். பேரப்பிள்ளைகளோடு கிறிஸ்துமஸுக்கு உறவினர் வீட்டுக்குப் போனவர் அந்த இரவில் அகப்பட்டுக்கொண்டார். கண் எரிச்சல் இரண்டு நாளில் நீங்கியது. மூச்சும் சீரானது. ஆனால் தூக்கம் வரவில்லை. நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், இருதயம் நன்றாக இருந்தது. "வாயுவின் பயம், சில நாளில் சரியாகும்" என்று நாங்கள் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது அந்த அம்மாள் குறுக்கிட்டார்: "ஐயா, இது அன்னிக்கு ராத்திரி வந்தது இல்ல. பத்தொன்பது வருஷமா இந்த மன்ஷன் முழுசாத் தூங்கி நான் பாக்கல."

அப்பொழுதுதான் அவர் முகத்தை நாங்கள் அடையாளம் கண்டோம். அவரைக் குறித்துப் பின்னால் எழுதுகிறோம். முதலில் இந்த நோய் என்னவென்று அறிந்துகொள்வோம்.

2. நோய்க்கு ஒரு பெயர்

உயிருக்கே ஆபத்தான ஒன்றை அனுபவித்தவர்களுக்கும், பிறருக்கு அது நேரிடுவதைக் கண்ணால் கண்டவர்களுக்கும், அந்தச் சம்பவம் முடிந்த பின்னும் மனதிலும் சரீரத்திலும் முடியாமல் தொடர்கிற நிலை ஒன்று உண்டு. மருத்துவர்கள் இதைப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல் நோய் என்கிறார்கள். ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு பி.டி.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்வதும் உண்டு.

நோய் பழையது, பெயர்தான் புதியது. முதல் உலகப் போரில் அகழிகளில் இருந்த வீரர்கள் காயமில்லாமலே நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். பீரங்கிக் குண்டின் அதிர்ச்சி என்று பொருள்படும் 'ஷெல் ஷாக்' என்னும் சொல் 1915-இல் மருத்துவ ஏட்டில் வந்தது. ஆனாலும் அவர்களில் பலர் கோழைகளாகவே எண்ணப்பட்டார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் துயரத்தைக் கண்ட பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. போர்வீரருக்கு மட்டும் வருவது இதுவென்று எண்ணக்கூடாது. விபத்து, தீ, வெள்ளம், அடி உதை, பாலியல் வன்கொடுமை ஆகிய எதன் பின்னாலும் இது வரலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடத்தில் இது மிக அதிகமாகக் காணப்படுகிறது.

தமிழில் இதற்கு நல்ல சொல்லைத் தந்தவர்கள் ஈழத்தவர். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் குறித்துத் தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்றே பெயர். காயம் ஆறினாலும் வடு இருக்கும், அழுத்தினால் வலிக்கும். படித்தவரும் படியாதவரும் ஒருங்கே புரிந்துகொள்ளும் சொல் ஆகையால் இப்பாடத்தில் நாமும் இதையே கையாளுவோம்.

3. நான்கு அடையாளங்கள்

பயங்கரமான சம்பவத்துக்குப் பின் சில நாட்கள் நடுங்குவதும் அழுவதும் தூங்காதிருப்பதும் நோயல்ல. அது சரீரத்தின் இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். கீழ்க்கண்ட நான்கும் ஒரு மாதத்துக்கு மேலாகத் தொடர்ந்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் மருத்துவர் கவனிக்கவேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கழித்தும், அதற்குப் பின்னும் முழு நோயாக வெளிப்படுவதுண்டு.

அ) மீண்டும் நிகழ்தல். சம்பவம் நினைவாக வராமல், இப்பொழுதே நடப்பதாக வரும். கெட்ட கனவாக வரும். ஒரு வாசனையோ சத்தமோ போதும். எங்கள் பகுதியில் கன்டெய்னர் லாரியின் காற்று பிரேக் சீறும் சத்தத்துக்கு உறைந்து நிற்பவரைக் கண்டிருக்கிறோம்.

ஆ) ஒதுங்குதல். நினைப்பூட்டுகிற இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் விட்டு விலகுவார்கள். மீனவர் கடலுக்குப் போகமாட்டார். விபத்தில் சிக்கிய ஓட்டுநர் அந்தச் சாலையைத் தவிர்க்க ஐந்து கிலோமீட்டர் சுற்றுவார். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

இ) எண்ணமும் உணர்வும் மாறுதல். "என்னால்தான் நடந்தது" என்ற குற்ற உணர்வு, யாரையும் நம்பாமை, பிள்ளையைக் கொஞ்சினாலும் மகிழ்ச்சி தோன்றாத மரத்த நிலை ஆகியவை இதில் அடங்கும். அன்பில்லாதவர் என்று குடும்பத்தார் எண்ணிக்கொள்வார்கள். அன்பு உள்ளே இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

ஈ) ஓயாத விழிப்பு. கதவுத் தாழ்ப்பாளை இரவில் பத்து முறை பார்ப்பது, சிறு சத்தத்துக்குத் துள்ளி எழுவது, காரணமில்லாமல் கோபப்படுவது, தூக்கமின்மை.

4. ஏன் மறக்க முடியவில்லை?

"நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்று சொல்லாதவர் நம்மில் யார்? அவர்களால் ஏன் மறக்க முடிவதில்லை என்பதை விளங்கிக்கொண்டால் அந்த வார்த்தையை நாம் சொல்லமாட்டோம்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த எங்கள் ஊரில் அபாயச் சங்கு என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். நம் மூளைக்குள்ளும் ஓர் அபாயச் சங்கு உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். ஆபத்து வந்ததும் அது ஊதும். யோசிக்க நேரம் கொடாமல் இருதயத்தைத் துரிதப்படுத்தும், கால்களை ஓடவைக்கும். அது தேவன் நமக்கு வைத்த காவல். அதன் அருகில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இருக்கிறது. அது பதிவேடு எழுதுகிற குமாஸ்தாவைப் போன்றது. நடந்தது எங்கே, எப்பொழுது என்று குறித்து, 'முடிந்துபோனது' என்ற கட்டில் சேர்த்துவைக்கும்.

பயம் அளவுக்கு மிஞ்சினால் சங்கின் சத்தத்தில் குமாஸ்தாவின் வேலை கெட்டுப்போகிறது. காட்சியும் வாசனையும் சத்தமும் தேதியில்லாத துண்டுகளாகத் தங்கிவிடுகின்றன. தேதியில்லாத நினைவை மூளை பழையதென்று எண்ணாது. அமோனியா நெடி மூக்கில் ஏறிய இரவில், எங்களிடம் வந்த அந்த மனிதருக்கு ஓடிவந்தது 2023-ஆம் ஆண்டின் வாயு மட்டுமல்ல, 2004-ஆம் ஆண்டின் தண்ணீரும் சேர்ந்தே வந்தது. இருட்டும் கூச்சலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஜனமும் போதுமானதாய் இருந்தது. இது மனவலிமை குறைந்ததால் வருவதல்ல. விசுவாசம் குறைந்ததாலும் வருவதல்ல.

5. எல்லாருக்கும் வருமா?

வராது. இது நன்றியோடு அறியவேண்டிய செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 100 பேரில் ஏறக்குறைய 70 பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இத்தகைய பயங்கரத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் இந்த நோய்க்கு ஆளாகிறவர்கள் 100க்கு 6 பேருக்கும் குறைவு. ஆனால் ஊரே அடிபட்ட இடத்தில் எண்ணிக்கை கூடும். சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பெரியவர்களில் 100க்கு ஏறக்குறைய 13 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. பெண்கள், காயமடைந்தவர்கள், குடும்பத்தில் வருமானமே இல்லாதவர்கள் ஆகியோரிடத்தில் அது அதிகம்.

கடைசியில் சொன்னதை நாம் கவனிக்கவேண்டும். அடுப்பில் உலை ஏறாத வீட்டில் மனக்காயம் ஆறுவது கடினம். படகுக்கும் வலைக்கும் உதவுவது மனநலத்துக்கும் உதவி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நாகப்பட்டினம் பகுதி மீனவர்களோடு உட்கார்ந்து பேசி 2008-இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. தங்களைத் தாங்கியவை என்று ஜனங்கள் சொன்னவை உறவும், ஊர்க்கட்டும், தெய்வ நம்பிக்கையுமே. வெளியிலிருந்து வந்த ஆலோசகர்களைவிட அவற்றையே அவர்கள் மேலாக எண்ணினார்கள். ஆகவே சபையும் ஊரும் செய்யக்கூடியது மிகுதி. ஆனால் அதைச் சரியாய்ச் செய்யவேண்டும். சரியாய்ச் செய்யாவிட்டால் என்னவாகும் என்பதற்கு நாங்களே உதாரணம்.

6. நாங்கள் செய்த தவறு

இனி அந்த மனிதரின் காரியம். இதை எழுதும்படி அவரே சம்மதித்தார். எழுதியதை அவருக்கும் மனைவிக்கும் வாசித்துக் காட்டினோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம்.

2004-இல் அவர் கடல்தொழில் செய்துவந்தார். அந்தக் காலையில் அவரும் தம்பியும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தபோது தம்பியின் கையைப் பிடித்தார். அந்தக் கை அவர் கையிலிருந்து போய்விட்டது. மூன்றாம் நாள் சரீரம் கிடைத்தது.

2005 ஜனவரியில் நாங்கள் ஊழியக்காரர் சிலராய் அந்தக் குப்பத்தில் அரிசியும் பாயும் கொடுத்தோம், ஒரு ஸ்தோத்திரக் கூட்டமும் வைத்தோம். உயிர் பிழைத்தவர் சாட்சி சொன்னால் எல்லாருக்கும் விசுவாசம் பெருகும் என்று எண்ணி அவரை மேடைக்கு அழைத்தோம். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். நாங்கள் விடவில்லை. மேடையில் ஏறி நின்றார். வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்று, இறங்கி, கூட்டத்தைத் தாண்டி நடந்து போய்விட்டார். "கர்த்தர் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல மனமில்லையே" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுத்துப் பேசவில்லை.

அவர் அதற்குப் பிறகு ஆலயத்துக்கும் வரவில்லை, கடலுக்கும் போகவில்லை. குடும்பத்தோடு அத்திப்பட்டுப் பக்கம் குடிவந்து லாரிக் கொட்டகையில் கிடைத்த வேலையைச் செய்தார். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினார், பின்பு குடிக்காமல் இருக்க முடியவில்லை. மகன் பத்தாம் வகுப்போடு நின்றான். மகள் கல்யாணத்தில் வாணவெடி வெடித்தபோது பந்தியிலிருந்து எழுந்து ஓடி, அன்று இரவு வரை வீடு திரும்பவில்லை. குடிகாரர், பொறுப்பற்றவர், மகள் கல்யாணத்தை அவமானப்படுத்தியவர் என்று உறவினர் பேசினார்கள். அந்த அம்மாள் மீன்கூடை சுமந்து குடும்பத்தைக் காத்தார்.

மனவடு ஒருவரோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அது வேலையை எடுத்துக்கொள்ளும். குடியைக் கொண்டுவரும். கணவன் மனைவிக்கு நடுவே படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் அப்பாவின் கோபத்துக்கு அஞ்சிக் காலடி ஓசை கேளாமல் நடக்கப் பழகுவார்கள். சிலரைத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும்.

அன்று நாங்கள் செய்ததற்கு அறியாமையே காரணம். அந்நாட்களில் பெரிய தேசங்களிலும், பேரிடர் நடந்தவுடன் ஜனங்களை ஒரே அமர்வில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் செய்வது நல்லதென்று பலர் நம்பினார்கள். ஆய்வுகள் அதில் பயனில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்றும் காட்டின. அறியாமை காரணம் என்பதால் அவர் இழந்த வருஷங்கள் திரும்பிவருவதில்லை.

2024-இல் அவர் ஓரளவு தேறிய பின், அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "மேடையில நிக்க வச்சீங்களே ஐயா, அன்னிக்கு என் கண்ணுக்கு ஜனம் தெரியல. தண்ணிதான் தெரிஞ்சுது" என்றார். அந்த அம்மாள் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்.

7. வேதம் நமக்குக் காட்டும் வழி

செமினரியில் பலமுறை படித்த பகுதிகளையே அதற்குப் பிறகு புதிதாய் வாசித்தோம்.

யோபு 2-ஆம் அதிகாரத்தில் அவருடைய சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல ஊழியம் அதுதான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதே கெட்டது.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்தார். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் கொடுத்தான். நெடும்பயணத்துக்குப் பின் ஓரேபிலேதான் தேவன் கேள்வி கேட்டார். எலியா சொன்ன பதிலையே இரண்டாம் முறையும் மாற்றாமல் சொன்னார், தேவன் சலித்துக்கொள்ளவில்லை. முடிவில் எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். ஆகாரம், தூக்கம், பொறுமையாய்க் கேட்டல், துணை என்ற இந்த வரிசையை நாங்கள் 2005-இல் தலைகீழாக்கிவிட்டோம்.

பேதுருவையும் எண்ணிப்பாருங்கள். கரிநெருப்பின் அருகே நின்று ஆண்டவரை மறுதலித்தார் (யோவான் 18). கடற்கரையில் ஆண்டவர் மறுபடியும் ஒரு கரிநெருப்பைப் போட்டு, மீனும் அப்பமும் கொடுத்து, போஜனம் முடிந்த பின்னரே பேசினார் (யோவான் 21). வேதம் இதை வைத்தியமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வலித்த நினைவின் அருகே, பாதுகாப்பாய், அன்புள்ளவர் துணையோடு திரும்பி வருவதே சுகம் என்பதை அதில் காண்கிறோம். இன்றைய சிகிச்சையும் இதற்கு ஒத்ததே.

8. சிகிச்சை உண்டு

மனவடு குணமாகக்கூடிய நோய். பல ஆண்டுகள் கழித்தும் சிகிச்சை பலன் தரும்.

முதலாவது, பேச்சு வழியான சிகிச்சை. பயிற்சி பெற்றவரோடு பெரும்பாலும் 8 முதல் 12 சந்திப்புகள். முதலில் மூச்சையும் தூக்கத்தையும் சீராக்குவார்கள். நோயாளி ஆயத்தமானபின் சம்பவத்தைச் சிறிது சிறிதாக, தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லவைப்பார்கள். தேதியில்லாத துண்டுகளுக்குத் தேதி கொடுக்கிற வேலை இது. "என்னால்தான்" என்ற குற்ற உணர்வையும் ஆராய்வார்கள். ஒதுக்கிவைத்த இடங்களுக்குப் படிப்படியாய்த் திரும்பப் பழக்குவார்கள். கண் அசைவைக் கொண்டு செய்யும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. மேடையில் ஏற்றிச் சொல்லவைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்: இங்கே எப்பொழுது, எவ்வளவு, யாரிடம் என்பது அவர் கையில் இருக்கிறது.

இரண்டாவது, மருந்து. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உதவுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரையும் மதுவும் நோயை நீட்டிக்கும்.

எங்களிடம் வந்தவருக்கு மனநல மருத்துவர் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தார். ஏழாவது சந்திப்பில், 19 ஆண்டுகளாக "கையை விட்டுட்டேன்" என்று சொல்லிவந்தவர், "நான் விடல, தண்ணி பிடுங்கிடுச்சு" என்றார். அதைச் சொன்ன பின் வெகுநேரம் அழுதார். இன்று இரவில் ஐந்து மணி நேரம் தூங்குகிறார். ஒருமுறை குடிக்குத் திரும்பி மீண்டும் விட்டார். கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து பிறர் வலையைப் பின்னிக் கொடுக்கிறார். முழுச் சுகம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் பேரன் இப்பொழுது அவர் பக்கத்தில் படுக்கிறான்.

9. நாம் செய்யத்தக்கவை

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட முதலுதவிக் கையேடு மூன்று காரியங்களைக் கற்பிக்கிறது: பார், கேள், இணை. ஆபத்து நீங்கிற்றா, யாருக்கு அவசரத் தேவை என்று பார்க்கவேண்டும். சொன்னால் கேட்கவேண்டும், சொல்லாவிட்டால் கிளறக்கூடாது. உணவு, உறவினர், மருத்துவர், அரசு உதவி இவற்றோடு இணைக்கவேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை.

சொல்லத்தகாதவை: "மற்றவர்களுக்கு இதைவிட மோசமாய் நடந்தது." "விசுவாசம் இருந்தால் பயம் வராது." "தேவன் ஏதோ நோக்கத்தோடு அனுமதித்தார்." சொல்லத்தக்கவை: "நீங்கள் இப்பொழுது பத்திரமாயிருக்கிறீர்கள்." "இது நோய், உங்கள் குற்றமல்ல." "நாளைக்கும் வருவோம்." கடைசியில் சொன்னதைச் சொன்னால் தவறாமல் போகவேண்டும்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் வேறு பல இந்திய மொழிகளிலும் பேசுவார்கள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வேறு மொழிகளிலும் பேசுவார்கள் என்பதைக் குறிப்பாய் எழுதக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, வடமாநிலத் தொழிலாளர் 9 பேர் மாண்டார்கள். இறந்தவர்களைச் செய்தித்தாள் எண்ணியது. அருகில் நின்று பார்த்தவர்கள் மறுநாளும் ஏறியாகவேண்டும், அல்லது ரயிலேறி ஊர் போகவேண்டும். அவர்கள் தூங்குகிறார்களா என்று அவர்கள் பாஷையில் கேட்பவர் யார்? ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தண்டவாளத்தில் உடலை எடுக்கிற ரயில்வே ஊழியர், தீக்காய வார்டில் வேலைசெய்யும் நம் செவிலியர், இவர்களையும் மறவாதிருப்போம்.

10. பங்காளர்களுக்கு ஒரு வார்த்தை

உங்களில் சிலர், "முன்பு இந்த இதழில் பேரிடரில் தப்பியவர்களின் சாட்சியும் படமும் வருமே, இப்பொழுது ஏன் காணோம்?" என்று கடிதம் எழுதுகிறீர்கள். நியாயமான கேள்வி. காரணத்தை இப்பொழுது அறிந்திருப்பீர்கள். காயம் ஆறாதவரை உங்கள் முன் நிறுத்தினால் காணிக்கை கூடலாம். ஆனால் அது மறுபடியும் அந்த மேடைதான். அவர்களாக முன்வந்து, ஆற அமர யோசித்துச் சம்மதித்தாலொழிய எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். படம் இல்லாத இந்தப் பக்கத்தைப் பார்த்தும் நீங்கள் தொடர்ந்து தாங்குகிறீர்கள். அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

*சிந்திக்க:*
1. நம் குடும்பத்தில் அல்லது சபையில் "மாறிப்போய்விட்டார்" என்று நாம் ஒதுக்கிய யாருக்காவது, அதற்குமுன் பயங்கரமான ஏதேனும் நடந்ததா?
2. யாரையாவது சாட்சி சொல்லும்படி நாம் வற்புறுத்தியதுண்டா?
3. பேசாமல் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார நம்மால் கூடுமா?

*ஜெபிக்க:*
டிசம்பர் 26-ஐ நெருங்கும்போது தூக்கம் இழக்கும் கடலோரக் குடும்பங்களுக்காக. ஊரைவிட்டு வந்து வேலைசெய்யும் தொழிலாளர்களுக்காக. நோயாளியின் பாரத்தைத் தாங்களும் சுமக்கிற மனைவிமாருக்காகவும் பிள்ளைகளுக்காகவும். கேட்கும் காதை எங்களுக்குத் தேவன் தந்தருளும்படியாக.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகரும் ஊழியக் குழுவினரும்,
அத்திப்பட்டு